ஒற்றைத் தடத்தை வைத்துச் செந்நாய் என்று சொல்லிவிட முடியாது

முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் போய்வரும் நண்பர்கள் சேற்றில் பதிந்த ஒரே ஒரு காலடியைப் படமெடுத்து அனுப்பி "இது செந்நாய்தானே?" என்று கேட்கிறார்கள். காட்டோரத்து ஊர்களில் எல்லாம் நாட்டுநாய்கள் இருக்கும்போது அதை எப்படிச் சொல்வது?

நாய்க் குடும்பம் என்பதுவரை சுலபம். நான்கு விரல், நான்கிலும் நகம் பதிந்திருக்கும். புலி, சிறுத்தை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பவை, அதனால் பொதுவாக நகம் விழாது. கழுதைப்புலிக்கும் நகம் பதியும், மோயாற்றுப் பக்கம் அது உண்டு என்பதால் மறந்துவிடக் கூடாது. அதற்கு முன்னங்கால் தடம் பின்னங்கால் தடத்தைவிட நன்றாகவே பெரியது.

சிக்கல் இதற்கப்புறம்தான். நாட்டுநாயின் விரல்கள் பெரும்பாலும் அகன்று விரிந்து, ஓர நகங்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கும். நரி, செந்நாயின் தடம் நீள்வாக்கில் ஒடுங்கி, நகங்கள் முன்னோக்கி நிற்கும். ஆனால் ஒல்லியான ஊர்நாயும் இப்படியே பதித்துவிட்டுப் போகும், அதனால் அந்த இடத்திலேயே நின்றுவிடாமல் தடம் போகும் வழியைப் பாருங்கள். ஊர்நாய் கண்டதையெல்லாம் மோந்துகொண்டு வளைந்து வளைந்து போகும். நரி பின்னங்காலை முன்னங்கால் பதிந்த இடத்திலேயே வைத்து, ஏறக்குறைய ஒரே கோட்டில் நடந்து போயிருக்கும்.

நரிக்கு இன்னொரு அடையாளம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது: நடுவிரல் இரண்டின் அடிச்சதையும் கீழ்ப்பகுதியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஏரிக்கரை வண்டல் போன்ற மென்மையான மண்ணில்தான் அது தெளிவாகத் தெரியும். நரியின் தடம் சுமார் 5 செ.மீ. நீளம். செந்நாயுடையது அதைவிடப் பெரிது, அதோடு அவை கூட்டமாகத் திரிவதால் ஒரே பாதையில் பல தடங்கள் கிடைக்கும், பாதைகள் சந்திக்கும் இடங்களில் மான்மயிர் கலந்த எச்சமும் கிடக்கும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. செந்நாய் உலக அளவிலேயே அழியும் நிலையில் உள்ள விலங்கு, ஊர்நாய்கள் வழியாக வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் அதற்குத் தொற்றலாம். காட்டுக்குள் ஊர்நாய்த் தடம் தெரிந்தால் அதையும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். படமெடுக்கும்போது அளவு தெரிய பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து நேர் மேலிருந்து எடுங்கள், தடம் போகும் வரிசையையும் தனியாக ஒரு படம் எடுத்துவிடுங்கள்.