கிளம்புவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

வீட்டுக்காரருக்குச் சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு மாற்றல் என்று உறுதியானதும், எங்களைவிட மற்றவர்களுக்குத்தான் பரபரப்பு கூடிப்போனது. மே கடைசியில் கிளம்ப வேண்டும். “அங்க போயிட்டா யாரு வந்து செய்யறது? எல்லாத்தையும் இங்கயே முடிச்சிட்டுப் போங்க” என்று பென்னாகரத்திலிருந்து அத்தை போனில் உத்தரவு போட்டுவிட்டார். நம் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் ஐந்தாறு மணி நேரம்தானே என்று சொல்லிப் பார்த்தோம். அத்தையின் கணக்கில் பர்கூர் தாண்டினாலே வெளிநாடு. தர்மபுரியிலிருந்து பிரித்துக் கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாக்கியதையே அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 2004-லேயே பிரித்தாயிற்று அத்தை என்றால், “யாரைக் கேட்டுப் பிரிச்சாங்க?” என்பார்.

முதலில் பாப்பாவுக்கு மொட்டையும் காதுகுத்தும். குலதெய்வம் கோயில் பென்னாகரம் பக்கம்தான். என் தம்பி மடியில் உட்கார்ந்தவள் தலையில் தண்ணீர் தெளித்தபோதும் சிரித்தாள், கத்தி வைத்தபோதும் சிரித்தாள். காது குத்தும்போது மட்டும் ஒரு வீறல், அதோடு சரி. தாய்மாமனுக்குத்தான் தலை சுற்றி, சோடா வாங்கிக் கொடுத்து மர நிழலில் படுக்கவைக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் பார்த்த பெரியவன் தனக்கும் வேண்டும் என்று தரையில் புரண்டு, மொட்டை அடித்தும் கொண்டான். அடுத்த வாரமே பள்ளியில் யூகேஜி பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு என்று கருப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிப் படம் எடுத்தார்கள். அதில் இவன் தொப்பி மூக்கு வரை இறங்கியிருக்கிறது. அது எங்கள் பிள்ளைதான் என்பதற்கு நாங்களே சாட்சி.

அப்புறம் ரயில். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம்தான், ஆனால் ஊருக்குள் ரயில் கிடையாது. சேலத்திலிருந்து பெங்களூரு போகும் பாதை தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் என்று நம்மை ஒதுக்கிவிட்டுப் போகிறது. சென்னைப் பிள்ளைகள் முன்னால் “நான் ரயிலே ஏறினதில்ல” என்று நிற்கக் கூடாது என்பது பெரியவனுடைய கவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டையில் ஏற்றி ஓசூரில் இறக்கினோம். வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பவில்லை, கண்டக்டர் எப்போது வருவார் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரை யாரும் விசில் ஊதாததில் அவனுக்குப் பெரிய ஏமாற்றம்.

பல் விழுந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழையபேட்டையில் புளி வியாபாரம் செய்கிற வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். மாசியிலிருந்து சித்திரை வரை கீழே திண்ணை முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து ஓடு நீக்கி, கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். டக் டக் என்ற சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். ஓனர் அம்மா வீட்டில் பேசுவது தெலுங்கு. பிள்ளைகள் அவரை அவ்வா என்றும் அவர் வீட்டுக்காரரைத் தாத்தா என்றும் கூப்பிடுவார்கள். நான் பள்ளிக்கூடம், இவர் ஓசூர் சிப்காட் என்று விடிந்ததும் ஓடிவிடுவதால், பாப்பாவைப் பகலில் வளர்ப்பது அவ்வாவும் அந்தத் திண்ணையும்தான்.

பெரியவனுக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. கிளிமூக்கு மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒரு கடி கடித்தான், பல் மாங்காயோடு போய்விட்டது. விழுந்த பல்லைக் கூரைமேல் போட வேண்டும் என்று அத்தை போனிலேயே ஞாபகப்படுத்தினார். ஓட்டு வீட்டுக்குச் சொன்ன சாஸ்திரத்தை மொட்டை மாடிக்குச் செய்தால் என்ன ஆகும்? அன்று மாடியில் புளி காய்ந்துகொண்டிருந்தது. இவன் கீழேயிருந்து வீசிய பல் நேராக அதில்தான் போய் விழுந்திருக்க வேண்டும். நான்கு பெண்கள் குவியல் குவியலாகக் கிளறியும் கிடைக்கவில்லை. தாத்தா கணக்கு நோட்டைவிட்டுத் தலை தூக்காமல், “விடுங்கம்மா, எந்த ஊரு ரசத்துல கெடக்கணும்னு அதுக்கு எழுதியிருக்கோ” என்றார்.

மிச்சமிருந்தது பாப்பாவின் நடைதான். எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள், கையை விட்டால் சப்பென்று உட்கார்ந்துவிடுவாள். அப்போது எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. மாலையில் வந்ததும் பொம்மையை எதிரில் வைத்து, போனில் வீடியோவை ஓடவிட்டுக் காத்திருப்பேன். அவள் கொட்டாவி விடுவாள். என் போன் முழுக்க மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை கொட்டாவி விடும் வீடியோக்கள்.

ஒரு நாள் மாலை கேட்டைத் திறந்ததும் டக் டக் சத்தம் மொத்தமாக நின்றது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். “டீச்சரம்மா, அப்படியே நில்லுங்க!” என்று ஒருவர் கத்த, அவ்வா பாப்பாவின் கையை மெல்ல விட்டார். பாப்பா நடந்தாள். நேராகப் புளிக் குவியல் வரை போனாள், குனிந்து ஒரு சுளையை எடுத்தாள், தூணைச் சுற்றித் திரும்பி என்னிடம் வந்தாள். “ஐயோ, மொத நடை! அம்மாவைப் பாத்ததும் நடந்துடுச்சு பாரு!” என்று திண்ணையே ஆர்ப்பரித்தது. ஓர் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தொண்டை அடைத்துவிட்டது.

அப்போதுதான் தாத்தா நோட்டிலிருந்து கண்ணை எடுத்து, “இன்னிக்கு என்ன, இவ்ளோ மெதுவா நடக்குது?” என்றார்.

அவ்வா தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்கு அர்த்தம் புரியவில்லை, தாத்தாவுக்கு நன்றாகவே புரிந்தது. அதற்குள் பெரியவன், “அவ போன வாரமே நடந்துட்டாம்மா, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவ்வா எனக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தாங்க” என்று போட்டு உடைத்தான். பகலெல்லாம் திண்ணையில் நடந்து களைத்துப்போய்த்தான் சாயங்காலம் என்னிடம் கொட்டாவி விட்டிருக்கிறாள்!

“பெத்தவளுக்கு முன்னாடி நாங்க பாத்துட்டோம்னு தெரிஞ்சா உனக்கு மனசு கஷ்டமா இருக்காதா?” என்றார் அவ்வா. அதற்காகப் புளி தட்டுகிறவர்கள், பால்காரர், எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கி வைத்திருந்தாராம். வியாபாரத்தில் சேர்த்த ரகசியம் ஒன்றுகூட வெளியே விடாத தாத்தா இதில் இப்படிச் சொதப்பியதில்தான் அவருக்கு வருத்தம்.

அழுவதா சிரிப்பதா என்று இருந்தவளுக்கு அடுத்து இவர் ஞாபகம் வந்தது. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்க ராத்திரியாகும். பாவம், அவர் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும்? அவ்வாவிடம் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார். தாத்தாவை இந்த முறை முன்கூட்டியே கடைக்கு அனுப்பிவிட்டோம். பெரியவனுக்கு இன்னொரு ஐஸ்.

இவர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் பாப்பா நடந்தாள். நான் என் பங்குக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதுவும் பரவாயில்லாமல் வந்தது. இவர் வீடியோ எடுத்து, “பாப்பாவின் முதல் அடி” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவ்வாவும் அத்தையும் தினமும் மத்தியானம் போனில் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். என்னென்ன பேசுவார்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

ஒரு நிமிடத்தில் அத்தையின் குரல் வந்தது. “இது பழசுடா. அவ போன வாரமே வாசப்படி ஏறிட்டா. புதுசா ஏதாவது இருந்தா அனுப்பு.”