காற்று எந்தப் பக்கம்

மார்ச் 3

விடுப்பின் முதல் நாள். அலாரம் வைக்காமலே 4:50க்கு விழிப்பு வந்துவிட்டது. பல் துலக்கி, சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்த பிறகுதான் எங்கும் போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. சட்டையை அலமாரியில் மாட்டிவிட்டு, ஏழு மணிக்கு வெளிச்சம் வரும்வரை சமையலறை ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச் 4

தூக்கம் இல்லை.

மார்ச் 7

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் அவசரப்படாமல் கேட்டார். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் ‘பர்ன்அவுட்’ எனப்படும் இதைச் சேர்த்தபோது நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு தொடர்புடைய நிலை என்றே வகுத்தது என்றார். சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், எதையும் உருப்படியாகச் செய்ய இயலவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் என்று விளக்கினார். மூன்றுக்கும் தலையாட்டினேன்.

தமிழில் இதற்குப் ‘பணிச்சோர்வு’ என்று எழுதுகிறோம். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தச் சொல் போதவில்லை. சோர்வு என்றால் உறங்கி எழுந்தால் தீர்ந்துவிடும். இதுவோ தண்ணீர் வற்றியதை யாரும் கவனிக்காததால் அடுப்பிலேயே இருந்து அடிப்பிடித்துக் கருகிய பாத்திரம். தீய்ந்துபோதல் என்றே இனி எழுதப்போகிறேன்.

மார்ச் 11

பெற்றோர் குழுவிலிருந்து விலகி ஒரு வாரமாகிறது. ஆனாலும் இரவு பதினொன்றே முக்காலுக்குக் கைப்பேசி அதிர்வதுபோல் தொடை துடிக்கிறது. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

பிப்ரவரியில் திருத்திய முப்பத்தெட்டுக் கட்டுரைகளில் ஒன்று என்னை விடாமல் பின்தொடர்கிறது. தன் பாட்டி இறந்த இரவைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். நான்கு முறை படித்தும் சொற்கள் உள்ளே போகவில்லை. நான்கு சந்திப்பிழைகளை வட்டமிட்டு, 30க்கு 17 போட்டு, அடுத்த தாளை எடுத்துவிட்டேன். அவள் என்ன எழுதியிருந்தாள் என்பதில் ஒரு வரிகூட இப்போது நினைவில் இல்லை. வட்டமிட்ட பிழைகள் மட்டும் இடத்தோடு நினைவிருக்கின்றன.

மார்ச் 15

பழைய படமொன்றைத் தேடி எடுத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நியூசிலாந்தின் கைமனாவா மலைக்காட்டில் நான் வீழ்த்திய, சிக்கா இன ஆண் மான் (கலை), எட்டுக் கிளைக் கொம்பு. சிக்கா வேட்டைக்காரர்கள் வாழ்நாள் ஆசையாகச் சொல்வது அந்த எட்டைத்தான். ஐந்து ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டும் கிடைத்த சில நாள்களை அதற்காகவே செலவழித்தேன். எத்தனை கிலோமீட்டர் நடந்தேன், எத்தனை கலைகளைக் கண்டேன், எத்தனை வாய்ப்புகளைத் தவறவிட்டேன் என்று அட்டவணை போட்டு வைத்திருந்தேன். அது விழுந்தபோது எனக்குள் எதுவுமே நிகழவில்லை. அதன் பக்கத்தில் மண்டியிட்டபடி, கைப்பேசிக்கு அலை கிடைக்கிறதா என்று பார்த்தேன். பள்ளியிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது.

படத்தில் என் முகம் ஊழியர் அட்டையில் இருக்கும் முகமாகவே இருக்கிறது. தீய்ந்த வாடை அன்றே வந்திருக்கிறது. அதன் பிறகு நான் காட்டுக்குப் போகவில்லை.

மார்ச் 16

எதுவுமே நிகழவில்லை என்பதைத்தான் இன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 22

நியூசிலாந்தின் ஹாமில்ட்டனிலிருந்து அக்காவும் அத்தானும் அழைத்தார்கள். ஏப்ரலில் வா என்கிறார் அத்தான். சிக்கா மான்கள் இணைதேடிக் கூவுகிற பருவம் அது. துப்பாக்கியைத் தொடும் எண்ணமே இல்லை என்றேன். “நீ தொடவே வேண்டாம், சும்மா வந்து உட்கார்” என்றார். சென்ற முறைகளில் வருகையாளருக்கான துப்பாக்கி உரிமத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற்றிருந்தேன். இம்முறை அதை எடுக்கப் போவதில்லை. உரிமம் இல்லாதவர், உரிமம் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில், கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் மட்டுமே அங்கே துப்பாக்கியைக் கையாளலாம். ஆகவே இருவருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கிதான், அதுவும் அவருடையது. இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் தோளிலிருந்து ஏதோ இறங்கியது.

ஏப்ரல் 2

அம்மாவிடம் சொன்னேன். “அந்த மான் உன்னை என்னப்பா செஞ்சுச்சு?” என்று கேட்டார்.

நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையில் இல்லை என்பதையும், மான்கள் யாவும் கப்பலில் கொண்டுபோய் விடப்பட்டவை என்பதையும், சிக்கா 1905-இல் கைமனாவாவில் விடப்பட்டது என்பதையும் சொன்னேன். அவை பெருகி இளமரக்கன்றுகளைத் தின்று காட்டின் அடித்தளத்தையே மொட்டையாக்கியதால் 1930களில் அரசாங்கமே ஆள் வைத்துச் சுடத் தொடங்கியது என்றும் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதுக்காகவா நீ போற?” என்றார். அதற்காக அல்ல. பொய் சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 9

காலணிகளைச் சுத்தம் செய்தேன். மண்ணோ விதையோ ஒட்டியிருந்தால் ஆக்லாந்து விமான நிலையத்தில் விடமாட்டார்கள். பயன்படுத்திய காலணி என்று வருகை அறிவிப்பில் குறிப்பிட்டு, எடுத்துக் காட்டவும் வேண்டும். பழைய பல்துலக்கியை வைத்துக்கொண்டு குளியலறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காலணியின் நாக்கை விலக்கியபோது மடிப்பில் ஒரு பீச் (beech) மர இலை இருந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது, விளிம்பெல்லாம் சிறு பற்கள், நிறம் தேயிலைத் தூள். இரண்டு ஆண்டுகளாக சிங்கப்பூரில் என் அடுக்குமாடி வீட்டின் காலணி அலமாரிக்குள் அது இருந்திருக்கிறது. இரண்டு மணி நேரமும் வேறெதையும் நான் நினைக்கவில்லை என்பது பிற்பாடுதான் புலப்பட்டது.

ஏப்ரல் 14

ஹாமில்ட்டன். அக்கா புத்தாண்டுக்கு மாங்காய்ப் பச்சடி செய்திருந்தார். வேப்பம்பூ கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார்.

ஏப்ரல் 16

அரிசி மாவை இருமுறை சலித்து, காலியான கண்மருந்துக் குப்பியில் அடைத்தேன். அழுத்தினால் புகைபோல் ஒரு துளி மாவு வெளியேறி, காற்று போகும் திசையைக் காட்டும். மானுக்குக் கண் ஏமாறலாம், காது ஏமாறலாம், மூக்கு ஏமாறாது. ஆகவே வேட்டையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் காற்று எந்தப் பக்கம் என்பதுதான். இத்தனை ஆண்டுகள் அட்டவணை போட்டவன் காற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைத்ததில்லை.

ஏப்ரல் 17

கிளெமென்ட்ஸ் மில் சாலை ஓரம் கூடாரம். டௌப்போவில் பெட்ரோல் போட்ட இடத்தோடு கைப்பேசி அலை போய்விட்டது. மழை. நல்ல தூக்கம்.

ஏப்ரல் 18

இருட்டிலேயே கிளம்பினோம். அத்தான் ஒவ்வொரு காலையும் துப்பாக்கிப் பாதுகாப்பின் ஏழு விதிகளையும் வாய்விட்டுச் சொல்கிறார். அறுபது வயதாகியும், முப்பது ஆண்டுகள் வேட்டையாடியும், ஒரு நாள்கூட விட்டதில்லை. எப்போதும் தோட்டா இருப்பதாகவே கருது. பாதுகாப்பான திசையிலேயே நீட்டு. சுட ஆயத்தமான பிறகே தோட்டா ஏற்று. இலக்கு இன்னதென்று ஐயத்துக்கு இடமில்லாமல் அறி. அப்படியே போய்க்கொண்டிருக்கும். கூவும் பருவத்தில் காட்டில் மான் மட்டும் நடமாடுவதில்லை, மனிதர்களும் நடமாடுகிறார்கள். இருவரும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருந்தோம்.

தேசிய சேவையில், ராணுவப் பயிற்சியின்போது, சார் 21 (SAR 21) துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டியவன் நான். அங்கே வேகம்தான் பாடம். இங்கே அத்தானின் டிக்கா ரைஃபிளின் போல்ட்டை அவர் திறந்துவைத்து, தோட்டா அறை காலியாக இருப்பதை விரல்விட்டுத் தடவிப் பார்த்து, என்னையும் தடவிப் பார்க்கச் சொல்லி, அதன் பிறகே தோளில் மாட்டுகிறார்.

மூன்று மணி நேரம் ஒரு சரிவில் உட்கார்ந்திருந்தோம். முதல் ஒரு மணி நேரம் பொறுக்க முடியவில்லை. கால் மரத்தது, மனம் பள்ளி நேர அட்டவணையை ஓட்டிக்கொண்டே இருந்தது, எழுந்து நடந்தால் எத்தனை கிலோமீட்டராவது ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டது. பிறகு ஒரு பிவக்கவக்கா, விசிறிவால் குருவி, என் முழங்காலுக்கு ஓரடி தள்ளி ஒரு குச்சியில் வந்தமர்ந்து, வாலை விரித்து மூடி, நான் கிளப்பிவிட்ட சிறு பூச்சிகளைக் காற்றிலேயே பிடித்துத் தின்றது. அதன் அலகு மூடும் சத்தம்கூடக் கேட்டது. அதைக் கேட்ட கணத்தில்தான் வேறு எதுவும் கேட்கவில்லை என்பதை உணர்ந்தேன்.

பத்து மணிக்குப் பள்ளத்தாக்கின் மறுபுறம் கலை கூவியது. ஏறி, இறங்கி, மீண்டும் ஏறும் அந்தக் குரலைத் தமிழில் எழுதிக் காட்ட இருபது ஆண்டுகளாக எனக்கு எழுத்துக் கிடைக்கவில்லை. முதுகெலும்பு சிலிர்த்தது. நிகழ்ந்துவிட்டது.

ஏப்ரல் 19

வகுப்பில் கலை, பிணை, மறி என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, மானின் ஆண், பெண், குட்டி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். இன்று மாலை ஒரு பிணையும் அதன் மறியும் ஓடைக்கு வந்தன. நாற்பது மீட்டர்கூட இருக்காது. குப்பியை அழுத்தினேன், மாவு எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது, காற்று எங்களுக்குச் சாதகம். அத்தான் துப்பாக்கியை என் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் என்று கைகாட்டினேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். பால்குடி மறக்காத மறியோடு இருக்கும் பிணையை அவரும் சுடுவதில்லை. இருபது நிமிடம் பார்த்தோம். பிணை மேயும்போது ஒரு காது முன்னாலும் மற்றொன்று பின்னாலுமாகத் தனித்தனியே திரும்புகின்றன. மறி தாயின் நிழலைவிட்டு வெளியே காலெடுத்து வைப்பதும், உடனே திரும்புவதுமாக இருந்தது. காற்று மாறியது. ஒரே ஒரு கீச்சொலி, வெள்ளைப் பிட்டம் இரண்டும் விரிந்தன, அவ்வளவுதான், காடு காலியாகிவிட்டது.

இரவு அந்த மாணவியின் பாட்டி நினைவுக்கு வந்தார். நான் பார்த்தே இராதவர்.

ஏப்ரல் 20

மழை. நாள் முழுவதும் கூடாரம். தேநீர்.

ஏப்ரல் 21

சுட்டேன்.

ஏப்ரல் 22

நேற்றையதை நேற்று எழுத இயலவில்லை.

காலை ஏழேகால். கூர்க்கொம்பு ஒற்றையாக முளைத்த இளங்கலை ஒன்று பீச் மரங்களுக்கிடையே தனியே வந்தது. எட்டுக் கிளை அல்ல, படமெடுத்து மாட்டத் தக்கதும் அல்ல; உண்பதற்கு உகந்தது. அத்தான் இருநோக்கியில் நெடுநேரம் பார்த்தார், பிறகு என்னிடம் கொடுத்தார். தலை, கழுத்து, தோள், நான்கு கால், பின்னால் மண்மேடு. எல்லாவற்றையும் மெல்லச் சொல்லச் சொன்னார், சொன்னேன். அதன் பிறகே தோட்டாவை ஏற்றினேன். பையின்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, எழுபது மீட்டர் தொலைவில், முன்காலுக்குப் பின்னால் குறிவைத்தேன். கலை முப்பதடி ஓடி விழுந்தது. பத்து நிமிடம் அசையாமல் காத்திருக்க வேண்டும் என்பது அத்தானின் வழக்கம். அந்தப் பத்து நிமிடமும் என் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. கிட்டே போய், நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். இமைக்கவில்லை. உட்கார்ந்து அழுதேன். வருத்தமா என்றால் வருத்தமும்தான், மகிழ்ச்சியா என்றால் அதுவும்தான். இரண்டும் ஒரே வாளித் தண்ணீராக வந்தன. அத்தான் ஒன்றும் கேட்காமல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

வயிற்றைக் கீறியபோது குளிரில் ஆவி எழுந்தது. குடலைக் கிழிக்காமல் விலக்குவதற்கு இரண்டு விரல்களைக் கத்தியின் அலகுக்கு இருபுறமும் வைத்து, முனையை மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். விரல்களுக்கு அது மறந்திருக்கவில்லை. இரைப்பையில் அரைத்த இலைகள் பச்சை மாறாமல் இருந்தன. பின்தொடைகள், முதுகுத்தசை, முன்தொடைகள் என்று பிரித்துத் துணிப்பைகளில் கட்டி இருவரும் சுமந்து வந்தோம். மூன்று மணி நேரம் ஏற்றம். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. இது உறங்கினால் தீரும் சோர்வு.

அம்மாவின் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. கேள்வி சரியான கேள்வி என்பது மட்டும் நேற்று தெரிந்தது.

ஏப்ரல் 24

அக்கா முதுகுத்தசையை மிளகும் கறிவேப்பிலையும் போட்டுப் பிரட்டினார். மான்கறியில் கொழுப்பே இல்லை, ஆட்டுக்கறிபோல் வேகவிட்டால் மரக்கட்டையாகிவிடும். அடுப்பிலிருந்து எப்போது இறக்குவது என்பதில்தான் சமையலே இருக்கிறது. மூவரும் பேசாமல் சாப்பிட்டோம்.

மே 2

வீடு, ஈசூன். வெக்கை. விடியற்காலை 4:50 திரும்ப வந்துவிட்டது.

மே 6

நேற்று இரவு மீண்டும் தொடை துடித்தது. காட்டில் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, அந்த இறைச்சியைப்போலத்தானோ என்று பயமாக இருந்தது. ஆறு நாள் அமைதிக்குப் பத்து மணி நேரம் பறக்க வேண்டுமென்றால், மீதி நாள்களை என்ன செய்வது?

மே 10

மண்டாய்க்கு நடந்தேன். இங்கே வேட்டை சட்டப்படி குற்றம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். இந்தச் சிறு தீவில் எஞ்சிய காடு ஒரு கைப்பிடி. ஆனால் கடமான் இருக்கிறது. இங்கே அற்றுப்போய்விட்டதாகக் கருதப்பட்ட கடமான், 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பிய சிலவற்றால் மீண்டும் காட்டுக்குள் வந்தது. மண்டாய் ஏரிச் சாலைக்கு மேலே விலங்குகள் கடக்க 2019-இல் பாலமும் கட்டினார்கள். நான் துப்பாக்கியை விரும்பவில்லை, உட்காருவதை விரும்பினேன் என்று எழுதிவிட்டால் எளிதாகிவிடும். அது உண்மையல்ல. அந்தப் பத்து நிமிட நடுக்கம் வேறெதிலும் வராது. அடுத்த ஏப்ரலிலும் போவேன். ஆனால் குப்பியில் பாதி மாவு மீதி இருக்கிறது. பாதையோரம் அழுத்திப் பார்த்தேன். தென்கிழக்கிலிருந்து, மிக மெல்ல.

மே 15

பள்ளிக்குப் போய், ஜூன் விடுமுறைக்குப் பின் எத்தனை வகுப்புகள் என்று பேசினேன். இரண்டைக் குறைக்கக் கேட்டிருக்கிறேன். பதில் பிறகு என்றார்கள். படிக்கட்டில் அந்த மாணவியைப் பார்த்தேன். கட்டுரையை மீண்டும் ஒருமுறை படிக்கத் தர முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல், கோப்பிலிருந்து உருவிக் கொடுத்தாள்.

மே 16

தாள் மேசைமேல் இருக்கிறது. இரவில் படிக்க மாட்டேன்.

மே 17

வெளிச்சம் வந்ததும் படித்தேன். பாட்டியின் மூக்குத்தியைக் கழற்ற யாராலும் முடியவில்லை என்றும், கடைசியில் சவர்க்கார நுரை போட்டு இவள்தான் கழற்றினாள் என்றும் இரண்டாம் பத்தியில் எழுதியிருக்கிறாள். நான் அதன்மேல் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன்.

மே 19

மண்டாய். புதிய புழுக்கை, இன்னும் ஈரமாக. இடப்புறம் புதரில் ஒரு கிளை முறிந்தது. காற்று என்