சீட்டுக்கு அடியிலிருந்து வழி சொன்ன அம்மா

டமார் என்று ஒரு சத்தம். ஜனவரி மாதம், காலை எட்டு மணி, கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்பியவன் பிரிட்டனில், வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் கபால்ஃபா ரவுண்டானாவுக்குள் (எழுதுவது கபால்ஃபா, வாயால் சொல்வது கபால்வா, வெல்ஷ் எழுத்துக்களோடு என் சண்டை தனிக்கதை) நுழைந்த நொடியில், வழி சொல்லும் சாட்நாவ் பெட்டி கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் கிண்ணத்தோடு கழன்று விழுந்து, ஹேண்ட்பிரேக்கில் மோதி, பக்கத்து சீட்டுக்கு அடியில் போய்விட்டது. பிரேக் பெடல் பக்கம் உருளாதது குலசாமி புண்ணியம். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "டேக் த தேர்ட் எக்ஸிட்" என்று சீட்டுக்கு அடியிலிருந்து அதே நிதானத்தோடு சொன்னார். எது மூன்றாவது என்று எண்ணி முடிப்பதற்குள் ரவுண்டானாவை இரண்டு சுற்று வந்துவிட்டேன், கோயில் பிராகாரம் மாதிரி.

வந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. செட்டில் ஆகிவிட்டேன் என்றுதான் ஊரில் கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று தெரியும், மழையைப் பற்றி முன்பின் தெரியாதவரிடம் மூன்று நிமிஷம் பேசத் தெரியும். வழி மட்டும்தான் இன்னும் தெரியவில்லை.

ஃபோன்தான் இருக்கிறதே, இந்தப் பெட்டி எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஊர் லைசென்ஸை வைத்து இங்கே பன்னிரண்டு மாதம்தான் ஓட்டலாம், அப்புறம் இவர்கள் டெஸ்ட்டை எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். தென்காசிப் பக்கம் செங்கோட்டையில் பதினைந்து வருஷம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஓட்டியவன் என்பதெல்லாம் செல்லாது. 2017 டிசம்பரில் வந்த விதிப்படி, நான் எழுதியபோது அந்த டெஸ்ட்டில் சுமார் இருபது நிமிஷம் தனியாக வழி பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது, அதுவும் பெரும்பாலும் சாட்நாவ் சொல்வதைக் கேட்டு. அதற்குப் பழகத்தான் கார் டிக்கியில் பழைய சாமான் வைத்து விற்கிற ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தையில் ஆறு பவுண்டுக்குப் பழைய பெட்டி ஒன்று வாங்கினேன். ஒரு நல்ல விஷயம், வழி தப்பினால் மார்க் குறையாது; தப்பிய வழியில் ஒழுங்காக ஓட்டினால் போதும். நான் தப்பினேன், பாஸும் ஆனேன். ஓட்டும்போது ஃபோனைக் கையில் பிடித்து மாட்டிக்கொண்டால் 200 பவுண்டு அபராதமும் 6 தண்டப் புள்ளியும், பாஸாகி இரண்டு வருஷத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும். ஸ்டாண்டில் வைக்கலாம்தான், ஆனால் என் கை சும்மா இருக்காது.

அன்று சாயங்காலம் மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். மாமா செங்கோட்டையில் நாற்பது வருஷமாக ஆட்டோ எலக்ட்ரீசியன். புளியரை செக்போஸ்ட் தாண்டிக் கேரளா போகிற லாரிகளில் பாதிக்கு ஹாரனும் ஹெட்லைட்டும் அவர் கைவண்ணம். காரைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"என்ன மருமவனே, லைட்டர் சாக்கெட்ல சொருகிட்டு, கொடியில வேட்டி காயப்போட்ட மாதிரி வயரைத் தொங்க விட்டிருக்க?"

"சும்மா சொருகினாப் போதும்னு நெனச்சேன் மாமா. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறுனா கட்டாகி கட்டாகி வருது."

"பின்ன வராதா? ஃபியூஸ் பாக்ஸ் எங்க இருக்கு? கேமராவ உள்ள காட்டு."

கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்தது. சாவி போடாமலே எரிகிற லைன் எது, சாவி போட்டால் மட்டும் வருகிற லைன் எது என்று டெஸ்ட் லேம்ப்பை ஒவ்வொரு ஃபியூஸாக வைத்துப் பார்க்கச் சொன்னார். எப்போதும் வருகிற லைனில் கொடுத்தால் பெட்டி ராத்திரியெல்லாம் கரண்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், குளிரில் காலையில் பேட்டரி எழுந்திருக்காது. சரி, சாவி லைனைக் கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்தான் தகராறு. வயரைச் சீவி ஃபியூஸ் காலில் சுற்றி அமுக்கிவிடு, அம்பாஸடர் காலத்திலிருந்து நான் அப்படித்தான் என்றார். இங்கே அதற்கென்றே ஃபியூஸ் டேப் விற்கிறார்கள் மாமா என்று காட்டினேன். பழைய ஃபியூஸ் ஒரு பொந்தில், அதன் தலைமேல் நம் வயருக்குத் தனியாக 3 ஆம்பியர் ஃபியூஸ் இன்னொரு பொந்தில். நம் வயர் ஷார்ட்டானால் நம் ஃபியூஸ் மட்டும் போகும். மாமா திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் யோசிச்சிருக்கான்" என்றார். அவர் வாயிலிருந்து இது பெரிய விருது.

பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைக்கிற டப்பாவை டேஷ்போர்டுக்குள் கட்டினேன். எர்த்துக்கு ஒரு போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்புத் தகடு தெரிந்த பிறகுதான் மாட்ட விட்டார். முன்கண்ணாடி ஓரத்துத் தூணின் பீடிங்குக்குள் வயரைத் தள்ளச் சொன்னபோது மட்டும் நான் மறுத்தேன். அங்கே ஏர்பேக் என்று எழுதியிருக்கிறது, விரிகிற வழியில் வயர் குறுக்கே இருந்தால் வம்பு. அவர் தொட்ட வண்டிகளில் ஏர்பேக் அபூர்வம். டேஷ்போர்டு இடுக்கு வழியாகவே கொண்டுபோனேன்.

மாட்டுகிற இடத்துக்கும் இங்கே கணக்கு இருக்கிறது. ஸ்டீயரிங்குக்கு நேர் எதிரே 290 மில்லிமீட்டர் அகலத்துக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் எதுவும் மறைக்கக் கூடாது, வைப்பர் துடைக்கிற மற்ற இடத்தில் 40 என்று வருஷாந்திரச் சோதனைக்கு விதி. மாமாவிடம் சொன்னால் சிரிக்கிறார். அவர் கடைக்கு வருகிற லாரிகளில் மாலை, எலுமிச்சை, பிள்ளையார், குஞ்சம் எல்லாம் போக டிரைவருக்கு மிஞ்சுவது ஒரு முறம் அளவு கண்ணாடி. அதில்தான் எஸ் வளைவு ஏறி கோட்டைவாசல் கருப்பசாமிக்குக் காசு போட்டுவிட்டு ஆரியங்காவு இறங்குகிறார்கள்.

அவர்களிடம் எந்தப் பெட்டியும் கிடையாது. வழி வேண்டுமென்றால் டீக்கடைப் பக்கம் வண்டியை ஓரங்கட்டிக் கேட்க வேண்டும். இந்தப் பக்கம் "பீச்சாங்கைப் பக்கம் திரும்புங்க, எட்டி மிதிச்சா வந்துரும்" என்பார்கள், கோட்டைவாசல் தாண்டினால் அதுவே மலையாளத்தில் "இடத்தோட்டு" ஆகிவிடும். எங்கள் ஊருக்கு இரண்டும் ஒன்றுதான். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே அந்தப் பக்கம்தான், முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி; ஊர் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. கேட்டால் வழி மட்டுமா சொல்வார்கள்? யார் வீட்டுக்கு, என்ன விசேஷம், அவருக்கு இப்போது உடம்பு தேவலையா, கடைசியில் ஒருவர் "நானும் அந்தப் பக்கந்தான்" என்று கதவைத் திறந்து ஏறிக்கொள்வார். தெரியாதவர்கூடத் தெரியாது என்று சொல்ல மாட்டார், ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டிவிடுவார். இங்கே இந்த இரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் வழி கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு ஆற்றாமை இது ஒன்றில்தான். குளிர், இருட்டு, உப்பில்லாத காய் எல்லாம் பழகிவிட்டது.

அந்த அம்மாவிடம் பதில் பேசவும் முடியாது. ஒரு ராத்திரி நியூபோர்ட்டிலிருந்து அசதியோடு வரும்போது ஹோம் பட்டனை அழுத்திவிட்டு அவர் சொன்ன வழியெல்லாம் போனேன். கடல் பக்கம் ஒரு தெருவில், நீலக் கதவு போட்ட வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பெட்டியின் பழைய சொந்தக்காரர் வீடு. மாடி ஜன்னலில் திரை விலகியது, நான் லைட்டை அணைக்காமல் ரிவர்ஸ் எடுத்தேன். மாமாவிடம் சொன்னபோது, "விசுவாசமான பொட்டி மருமவனே, வித்தவன் வீட்டுக்கே போயிருக்கு" என்றார்.

புது வயரிங் முடிந்ததும் சும்மா இருக்காமல் மாமா கேட்டார், "அதுல செங்கோட்டை வருமா?" வராது, பிரிட்டன் மேப்தான். இருந்தாலும் அவருக்காக அடித்தேன். ஒவ்வொரு எழுத்து அடித்ததும் அடுத்து வர வாய்ப்பில்லாத எழுத்துகள் விசைப்பலகையில் மங்கிப்போகும். எஸ், ஈ, என், ஜி. எல்லா எழுத்தும் அணையும் என்று பார்த்தால் எச் மட்டும் பளிச்சென்று நின்றது. செங்ஹெனித். கார்டிஃபுக்கு வடக்கே, மலைகளுக்கு நடுவே ஒரு ஊர்.

அடுத்த ஞாயிறு போனேன். இரண்டு பக்கமும் பச்சை மலை, சாரல், ரோட்டில் 'ஸ்லோ'வுக்குப் பக்கத்தில் வெல்ஷில் 'அராஃப்' என்று எழுதியிருந்தது. பழைய மேப் ஆனதால் வேக வரம்பு 30 மைல் என்கிறார் அம்மா, போர்டு 20 என்கிறது. ஒரு நிமிஷம் புளியரையில் இறங்குகிற மாதிரியே இருந்தது, ஏலக்காய் டீ வாசனைதான் இல்லை. 1913 அக்டோபர் 14 அன்று அந்த ஊர் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் இறந்தார்கள் என்பது அங்கே போய்த்தான் எனக்குத் தெரியும். நினைவுத் தோட்டத்துச் சுவரில் பெயர்களைப் படித்துக்கொண்டு நின்றேன். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வந்தது.

நாயோடு வந்த ஒரு பெரியவரிடம், பெட்டி காரில் இருக்கும்போதே, டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். கையை நீட்டி ஏதோ சொன்னார், பாதி புரியவில்லை. நாயை இழுத்துக்கொண்டு கூடவே முக்குவரை நடந்துவந்து காட்டிவிட்டுப் போனார்.

மழை வலுத்ததால் காருக்குள் இருந்தபடியே கண்ணாடி வழியாக மலையைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். பாரு, நம்ம ஊர் மாதிரியே இருக்கு என்று எழுதினேன். அரை மணி நேரம் கழித்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மலையெல்லாம் சரிதான் மருமவனே, டேஷ்போர்டு ஓரத்துல ஒரு சாண் வயர் வெளிய தெரியுதே, அத என்னன்னு பாரு."