காதலை விட்டுக் கணக்கைப் படிப்பது

கல்லூரியில் நான் நடத்தும் 'பாலினமும் சமூகமும்' விருப்பப் பாடத்துக்கு முக்கியப் புத்தகம் ஒரு சீன நாவல், 18-ஆம் நூற்றாண்டில் சாவ் ஷுவேசின் எழுதிய 'செம்மாளிகைக் கனவு'. 120 அத்தியாயங்கள், அச்சேறியது 1791-இல், அதற்குள் ஆசிரியர் இறந்து ஏறக்குறைய முப்பது வருடம் ஆகிவிட்டது, கடைசி 40 அத்தியாயங்களை எழுதியது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நாங்கள் ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம், அதுவும் முழுசாக இல்லை. ஒரு செமஸ்டரில் முடிகிற காரியமா அது!

மாணவர்கள் வருவது காதல் கதைக்காக. சியா குடும்பத்துச் செல்லப்பிள்ளை பாவ்யூ, நோஞ்சானான அத்தை மகள் தாய்யூ, சமர்த்தான சித்தி மகள் பாவ்சாய். கடைசியில் அவனை ஏமாற்றிச் சித்தி மகளைக் கட்டிவைக்கிறார்கள் என்றதும் நம் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், நமக்கு அது அக்கா முறையாயிற்றே. பெண்கள் தண்ணீரால் ஆனவர்கள், ஆண்கள் சேற்றால் ஆனவர்கள் என்று பாவ்யூ சொல்லும் இடம் வந்தால் போதும், அவனைப் பெண்ணியவாதி ஆக்கிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து அவளுடைய பணிப்பெண் சின்சுவானிடம் கொஞ்சிப் பேசுவது இவன்தான், அம்மா எழுந்து அந்தப் பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததும் நைசாக நழுவி ஓடுவதும் இவன்தான். வேலையிலிருந்து துரத்தப்பட்ட சின்சுவான் கிணற்றில் விழுந்து சாகிறாள். அவளுடைய தாய்க்கு 50 டேல் வெள்ளி கொடுக்கப்படுகிறது.

அந்த 50-இல்தான் என் வகுப்பு உண்மையில் ஆரம்பிக்கும். ஒரு டேல் என்பது சுமார் 37 கிராம் வெள்ளி. மாளிகையில் நடக்கும் ஒரு நண்டு விருந்தின் செலவைப் பார்த்துவிட்டு, இருபது டேலுக்கு மேல் ஆகியிருக்கும், இதில் ஒரு குடியானவக் குடும்பம் ஒரு வருடம் ஓட்டிவிடும் என்று கிராமத்திலிருந்து வந்த ஏழை லியூ பாட்டி வாயைப் பிளப்பாள். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, காதலை ஓரங்கட்டிவிட்டு, பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று மட்டும் குறித்து வாருங்கள் என்பேன். அப்போது வேறொரு நாவல் தெரிய ஆரம்பிக்கும். வீட்டு நிர்வாகத்தை வைத்திருக்கும் மருமகள் வாங் ஷிஃபெங், எல்லாருடைய மாதப்படியையும் தாமதமாகக் கொடுத்துவிட்டு அந்த இடைவெளியில் அதே பணத்தை வட்டிக்கு விடுகிறாள். அந்த வீட்டுப் பெண் யிங்சுனை அடித்து வதைக்கும் கணவன், உன் அப்பன் என்னிடம் வாங்கிய 5000 டேலுக்கு ஈடாகத்தான் நீ வந்தாய் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான்.

வகுப்பு இரண்டாகப் பிரிவது பாவ்யூவின் தங்கை தான்சுன் விஷயத்தில். ஷிஃபெங் நோயில் படுத்ததும் நிர்வாகம் இவள் கைக்கு வருகிறது, கெட்டிக்காரி, நான் ஆணாகப் பிறந்திருந்தால் எப்போதோ வெளியே போய்ச் சாதித்திருப்பேன் என்று சொல்கிறவள். ஆனால் அவள் மனைவி வயிற்றுப் பிள்ளை இல்லை, ஆசைநாயகியின் மகள். அந்தத் தாயின் தம்பி இறந்ததும் ஈமச்செலவுக்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள். பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, வீட்டோடு பிறந்த வேலைக்காரர்களுக்கு உள்ள 20-தான் என்கிறாள், வெளியிலிருந்து வந்தவர்களுக்கான 40 இல்லை. பெற்றவள் வந்து அழுகிறாள். என் மாமா பெரிய பதவியில் இருக்கிறார், இவர் யார் எனக்கு மாமா என்கிறாள் மகள். முறைப்படி அவளுக்கு அம்மா, அப்பாவின் மனைவிதான். நேர்மையான நிர்வாகி என்று பாதிப் பேர் கைதட்டுவார்கள், மீதிப் பேருக்குக் கோபம் வரும். என் கட்சி? இரண்டும்தான், அப்புறம் தேர்வில் அதையே கேள்வியாகக் கேட்டுவிடுவேன்.

இவ்வளவு பேரில் அதிகம் கவனிக்கப்படாதவள் இளம் விதவை லி வான், பாவ்யூவின் இறந்துபோன அண்ணனின் மனைவி. சத்தமே இல்லாமல் மகனை வளர்த்துக்கொண்டு இருப்பவள். அவளுடைய மாதப்படி மற்ற மருமகள்களுடையதைப் போல இரண்டு மடங்கு, 10 டேல், அதற்கு மேல் இன்னொரு 10 சேர்த்து மாமியாருக்குச் சமமாகத் தருகிறார்கள், போதாததற்கு நிலமும் உண்டு என்று ஷிஃபெங் ஒருமுறை கிண்டலாகக் கணக்குப் போட்டுக் காட்டுவாள். பரவாயில்லையே, விதவையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களே என்று யாராவது சொன்னதும் அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்சத்தின் சட்டத்தை எடுத்து நீட்டுவேன். மறுமணம் செய்துகொண்டால் கணவன் சொத்து போய்விடும், அவள் கொண்டுவந்த சீதனமும் கணவன் வீட்டாருக்கே. ஆக அந்த 20 டேல் எதற்கான கூலி என்பதை எழுதிக் கொண்டுவரச் சொல்வேன், அந்தக் கட்டுரைகள்தான் எப்போதும் நன்றாக வருகின்றன.