வலது காதுப் பக்கம்

ஜனவரி 6

குத்துச்சண்டைப் போட்டியின் டிரா, யாரோடு யார் மோதுவது என்ற பட்டியல், இன்னும் வரவில்லை. முன்னே இருக்கும் கையால் நேராக விடும் ஜாபை நம்பி ஆடுகிறவன் வந்தால், இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துத் தடுக்கும் கிராஸ் ஆர்மை விட நல்ல கார்டு (தற்காப்பு நிலை) கிடையாது. பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் இடது ஹூக் வைத்திருப்பவன் வந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான்.

ஜனவரி 7

அடியிலிருந்து ஒருமுறை. ஆர்த்தடாக்ஸ் நிலை, இடது கையும் இடது காலும் முன்னே. இடது முன்னங்கை மேல்வயிற்றுக்குக் குறுக்கே, கிளவுஸ் வலது விலா மேல். வலது முன்னங்கை முகத்துக்குக் குறுக்கே, கிளவுஸ் இடது கன்னத்துக்கும் இடது தோளுக்கும் நடுவே. தாடை உள்ளே, பார்வை முன்னங்கைக்கு மேலே. வலது முழங்கை எதிராளியைப் பார்க்க வேண்டும்.

பையன்கள் முன்னங்கையை முகத்தோடு ஒட்டி வைக்கிறார்கள். குத்து விழுந்ததும் சொந்தக் கையே மூக்கில் மோதுகிறது. ஒரு முஷ்டி அகலம் இடைவெளி வேண்டும். கையைப் பலகை மாதிரி படுக்கவும் வைக்கக்கூடாது. முழங்கை கொஞ்சம் தாழ்ந்திருந்தால் ஓட்டுக்கூரையில் மழைத்தண்ணீர் இறங்குவது போல குத்து வழுக்கிப் போகும். நேராக வைத்தால் முழு அடியும் எலும்பில். மூன்றாவது ரவுண்டில் கை மரத்துவிடும்.

ஜனவரி 8

வலது காது. வலது காது. வலது காது.

ஜனவரி 10

சரி, நிதானமாக எழுதுகிறேன். வலது கை முகத்தைக் குறுக்கே கடந்து இடது பக்கம் போய்விட்டது. எதிராளியின் வலது கைக் குத்துக்கு அங்கே கிளவுஸ் இருக்கிறது, தோளும் இருக்கிறது. ஜாப் முன்னங்கையில் நிற்கும். கீழிருந்து மேலே வரும் அப்பர்கட்டும் நடுவில் வந்தால் கீழ்க்கையில் சிக்கும். அவனுடைய இடது ஹூக்குக்கு எதிரே மட்டும் முழங்கை மூட்டு ஒன்றுதான். அதை இரண்டு அங்குலம் உயர்த்தினால் காது மூடும், விலா திறக்கும். ஈரல் அந்தப் பக்கம்தான். இறக்கினால் விலா மூடும், காது திறக்கும். கெட்டிக்காரன் முதலில் விலாவில் ஒன்று தட்டி முழங்கையை இறக்க வைப்பான். அடுத்தது மேலே வரும்.

கையைத் தூக்கித் தீராது. இடுப்பில் குனிந்து ஹூக்குக்கு அடியில் போகணும், இல்லையென்றால் அரை அடி முன்னே நுழைந்து அவன் முழங்கையைத் தோளில் வாங்கணும். கால் நின்றால் இந்தக் கார்டு செத்தது.

ஜனவரி 11

மழை. பயிற்சி இல்லை. டிராவும் இல்லை.

ஜனவரி 12

இந்தக் கார்டோடு ஆடிய ஹெவிவெயிட் வீரர் கென் நார்ட்டனின் சண்டையை மறுபடி பார்த்தேன். சான் டியாகோ, 1973 மார்ச் 31. முகமது அலியின் தாடை உடைந்த சண்டை. நார்ட்டனின் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் சொல்லிக் கொடுத்த கணக்கு எளிது: அலி ஜாப் போடும்போது அவருடைய வலது கை இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை. வலது கிளவுஸில் ஜாபைப் பிடி, அதே நொடியில் உன் ஜாபை விடு. நார்ட்டனின் வலது கிளவுஸ் ஏற்கெனவே தாடைக்கு முன்னால் இருந்ததால் பிடிக்கக் கை நகரவே வேண்டியதில்லை. மூன்று சண்டைகள், 39 ரவுண்டுகள், அலி ஒருமுறைகூட அவரைக் கீழே தள்ளவில்லை.

அதே கார்டோடு ஜார்ஜ் ஃபோர்மனிடம் 1974இல் கராகஸில் இரண்டே ரவுண்டில் தோற்றார். 1979இல் ஷேவர்ஸிடம் ஒரு ரவுண்டு. 1981இல் ஜெர்ரி கூனியிடம் 54 வினாடி.

வித்தியாசம் கார்டில் இல்லை, திசையில். அலிக்கு எதிராக நார்ட்டன் காலை இழுத்து இழுத்து முன்னே போனார். மற்ற மூவரும் அவரைப் பின்னால் தள்ளினார்கள். ரோப்பில் சாய்ந்து கையைக் குறுக்கே கட்டியவனால் குனியவும் முடியாது, நுழையவும் முடியாது. கூனி இடது ஹூக்குக்காரர் வேறு.

இரவு

ஃபோர்மன் விஷயம் தூங்க விடவில்லை. நார்ட்டனின் கார்டை உடைத்தவரே 1987இல் ஓய்விலிருந்து திரும்பி வந்தபோது அதையே எடுத்துக்கொண்டார். பக்கத்தில் ஆர்ச்சி மூர், இந்தக் கார்டின் பெரிய வாத்தியார். ஃபோர்மன் இரண்டு முன்னங்கைகளையும் முகத்துக்கு முன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மெதுவாக நடந்து வந்தார். வயதானவருக்கு ஏன் பொருந்தியது? விலகி ஓடக் கால் வேண்டாம், ஒவ்வொரு குத்தையும் தனித்தனியாகத் தட்டிவிட வேகமும் வேண்டாம். முன்னங்கை தடிமனாக இருக்கணும், ஒரே அடியில் சண்டையை முடிக்கிற கையும் வேண்டும். 42 வயதில் சாம்பியன் ஹோலிஃபீல்டிடம் 12 ரவுண்டு நின்றார். ஒல்லிக் கைப் பையன் இதைப் பார்த்துச் செய்தால் அடிதான் மிச்சம்.

ஜனவரி 14

16 அவுன்ஸ் கிளவுஸில் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) பார்த்துவிட்டு யாரும் இந்தக் கார்டை மெச்ச வேண்டாம். பஞ்சு பாதி ஓட்டையை அடைத்துவிடுகிறது. போட்டியில் 10 அவுன்ஸ். அதே இடத்தில் அப்போது விரல் நுழையும்.

ஜனவரி 15

அமெச்சூரில் இன்னொரு வம்பு. கையை மூடிக்கொண்டு சும்மா நிற்பதே ஃபவுல். முன்னங்கையால் முகத்தை அழுத்தித் தள்ளினாலும் ஃபவுல். ஃபோர்மன் செய்ததில் பாதியை நம் ரெஃபரி விடமாட்டார். ஆகவே கைகளை இப்படிப் பூட்டி வைப்பது இரண்டு குத்துக்குத்தான். மூன்றாவது நம்முடையதாக இருக்கணும்.

பூட்டைத் திறந்து குத்துவது இப்படி. ஜாபைத் தடுக்கும்போது உடம்பு இடது பக்கம் சுருண்டு, எடை முன்காலில் இருந்தால் இடது ஹூக்தான் முதலில் வரும், வயிற்றுக் குறுக்கே இருக்கும் கை அப்படியே மேலே சுழலும். பின்காலில் சாய்ந்து தடுத்தால் வலது கை இடது தோளிலிருந்து காதுக்கு மேலாக வளைந்து இறங்கும். நார்ட்டனின் ஓவர்ஹேண்ட் அதுதான். எடை எந்தக் காலில் என்று தெரியாமல் திறப்பவனிடம் வேகமும் இருக்காது, பலமும் இருக்காது.

பேடில் (பயிற்சியாளர் கையில் பிடிக்கும் மெத்தையில்): முதல் ரவுண்டு ஜாப் மட்டும். அடுத்தது ஜாப், வலது. அதற்கடுத்ததில் சொல்லாமல் இடது ஹூக். எல்லோரும் அங்கேதான் உடைகிறார்கள்.

ஜனவரி 16

பையன் உடைந்தான். வலது காது.

ஜனவரி 17

டிரா வந்துவிட்டது. எதிராளி சவுத்பா, வலது கையும் வலது காலும் முன்னே வைப்பவன்!

கணக்கெல்லாம் மாறுகிறது. அவனுடைய முன்னே இருக்கும் வலது கை ஹூக் நம் இடது காதுக்கு வரும், அங்கே கிளவுஸ் காத்திருக்கிறது. வலது காதுக்கு வர வேண்டியது அவனுடைய பின்கை, அதாவது இடது கை, தூரம் அதிகம், தோள் திரும்புவது கண்ணுக்குத் தெரியும். நல்லதுதான். ஆனால் அதே பின்கை நேராக ஈரலுக்கு வந்தால் முழங்கை வெகு மேலே இருக்கும். இடது கிளவுஸை விலாவில் இரண்டு விரல் இறக்கி, உள்ளங்கை வெளியே பார்க்கத் திருப்பி வைக்கணும். முன்கால் அவன் முன்காலுக்கு வெளியே. நாளைக்குப் பேடில் இது மட்டும், ஹூக் வேண்டாம்.