இரத்த நோயாளியை மதிப்பீடு செய்தல்: செய்முறைத் தேர்வில் நான் தவறவிட்டதும் பிறகு படித்த முறையும்

முதல் முறை எழுதிய செய்முறைத் தேர்வில், பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணு) குறைவால் சேர்க்கப்பட்டிருந்த ஒரு நடுத்தர வயதுப் பெண்மணியை எனக்கு ஒதுக்கினார்கள். கேஸ் ஷீட்டில் இருந்த ஆய்வக எண்களைத் தடங்கலின்றி ஒப்பித்தேன்; கீழ் இமையை இழுத்துப் பார்த்து, நகங்களைப் பார்த்து, வெளிறல் இருக்கிறது என்றும் சொன்னேன். தேர்வாளர் எதுவும் பேசாமல் அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு, போர்வையை முழங்கால் வரை விலக்கினார். இரண்டு கணுக்கால்களையும் சுற்றிக் குண்டூசித் தலையளவுச் செம்புள்ளிகள் இறைந்து கிடந்தன. இருபது நிமிடம் அருகிலேயே நின்றிருந்தும் நான் அவற்றைப் பார்க்கவில்லை.

எண்களைப் படித்த அளவுக்கு ஆளைப் பார்க்கப் பழகாததுதான் என் குறை. அதன் பிறகு இந்தப் பாடத்தை நோய்களின் பெயர் வரிசையில் படிப்பதை விட்டுவிட்டு, எந்த நோயாளியாக இருந்தாலும் மூன்று கேள்விகளோடு தொடங்குவது என்று வைத்துக்கொண்டேன்: உறுப்புகளுக்கு ஆக்சிஜன் போய்ச் சேருகிறதா, தொற்றை எதிர்க்க வெள்ளையணுக்கள் போதுமான அளவில் இருக்கின்றனவா, இரத்தம் உறைய வேண்டிய இடத்தில் உறைகிறதா. இரத்தப்புற்றுநோயில் இந்த மூன்றுமே ஒரே ஆளிடம் கெட்டுப்போயிருக்கலாம் என்பதால், ஒன்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் மற்ற இரண்டைக் கைவிடக் கூடாது.

இரத்தசோகையில், ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்கும் கீழே போவது என்ற வரையறையை எல்லோரும் எழுதிவிடுவார்கள். வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்கப்படுவது வேறு. ஹீமோகுளோபின் 6 கிராம் உள்ள நோயாளிக்கு விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி 98 சதவீதம் காட்டும்போது அவருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று என்னைக் கேட்டார்கள். இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி சொல்லும். மொத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஆகவே கருவியைவிட நோயாளியின் அன்றாட நடமாட்டமே நமக்கு நல்ல சாட்சி. எத்தனை படி ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறது, மூன்று மாதத்துக்கு முன் எத்தனை படி ஏற முடிந்தது என்று கேளுங்கள். மெல்ல மெல்லக் குறைந்த இரத்தத்துக்கு உடல் பழகிக்கொள்வதால், 7 கிராமோடு நடமாடுகிறவரும் உண்டு. திடீரென்று இழந்தவர் அதைவிடக் கூடுதலான அளவிலேயே மயங்கி விழலாம்.

கருநிற மேனியில் வெளிறலை முகத்தில் தேடிப் பயனில்லை. கீழ் இமையின் உட்புறம், வாயின் உட்தோல், நாக்கு, உள்ளங்கை ரேகைகள் ஆகியவற்றைப் பாருங்கள். மஞ்சள் காமாலையைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சரி. மஞ்சள் விளக்கின் அடியில் கண்ணின் வெண்பகுதியைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. குழிந்த கரண்டி நகமும், ஓயாமல் பனிக்கட்டியைக் கடித்துத் தின்னும் ஆசையும் இரும்புச்சத்துக் குறைவை நினைவூட்ட வேண்டும். வழவழப்பான, எரிச்சலுள்ள நாக்கோடு பாத மரத்துப்போதலும் தள்ளாட்டமும் சேர்ந்திருந்தால் பி12 குறைவை நினைத்து, இரைப்பையில் அறுவை சிகிச்சை நடந்ததா என்று கேட்க வேண்டும்.

இரத்தப்போக்கு வரலாற்றைத்தான் நாம் மிக மோசமாகக் கேட்கிறோம் என்பது என் எண்ணம். “எங்காவது இரத்தம் கசிகிறதா?” என்றால் பெரும்பாலானோர் “இல்லை” என்றே சொல்வார்கள். பல் துலக்கித் துப்பும்போது தண்ணீர் சிவக்கிறதா, காலையில் தலையணையில் கறை இருக்கிறதா, பல் பிடுங்கியபோது எத்தனை நேரம் கசிந்தது, மாதவிடாயில் ஒரு பேட் எத்தனை மணி நேரத்தில் நனைகிறது, கட்டிகட்டியாகப் போகிறதா என்று கேட்டால் பதில் மாறிவிடும். மலம் கருத்திருக்கிறது என்றால் உடனே உட்கசிவு என்று எழுதிவிடாமல், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்க வேண்டும். அந்த மாத்திரையும் மலத்தைக் கருக்கச் செய்யும். மருந்துப் பட்டியலைக் கேட்கும்போது ‘வலி மாத்திரை’ என்று தனியாகக் கேளுங்கள், ஏனெனில் பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆஸ்பிரின் ஒரு பிளேட்லெட்டை அதன் ஆயுள் முழுவதும், அதாவது 7 முதல் 10 நாள் வரை, செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், நேற்று நிறுத்திவிட்டேன் என்ற பதில் போதாது.

கசிவு எங்கே என்பதே காரணத்தைப் பாதி காட்டிவிடும். பிளேட்லெட் கோளாறு தோலிலும் ஈறிலும் மூக்கிலும் உடனடியாகத் தெரியும். ஹீமோஃபீலியா போன்ற உறைவுக் காரணி (இரத்தம் உறைய உதவும் புரதம்) குறைவோ ஆழத்தில், மூட்டிலும் தசையிலும், அடிபட்டுச் சில மணி நேரம் கழித்தும் வீக்கமாக வெளிப்படும். செம்புள்ளியைக் கண்டால் கண்ணாடி வில்லையாலோ விரலாலோ அழுத்திப் பாருங்கள்; தோலுக்குள் கசிந்த இரத்தம் என்றால் நிறம் மங்காது. எழுந்து நடமாடுபவருக்குக் கணுக்காலிலும், படுத்தே இருப்பவருக்கு முதுகுக்குக் கீழும், இரத்த அழுத்தப் பட்டை கட்டிய இடத்திலும் அவற்றைத் தேட வேண்டும்.

வெள்ளையணுவில் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் மொத்தம் 2,000, அதில் தொற்றை எதிர்க்கும் முக்கிய வெள்ளையணுவான நியூட்ரோஃபிலில் முதிர்ந்தது 20 சதவீதம், இளம் நியூட்ரோஃபில் 5 சதவீதம் என்றால், உண்மையான நியூட்ரோஃபில் எண்ணிக்கை 500 மட்டுமே. இத்தகையவருக்குத் தொற்று வந்தாலும் சீழ் பிடிக்காது, சிவப்பும் வீக்கமும் குறைவாகவே இருக்கும். காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கலாம். ஒரு தடவை 38.3 டிகிரி செல்சியஸ் காட்டினாலே அது அவசர நிலை. ஆசனவாய் வழியாக வெப்பம் பார்ப்பதும் இவர்களுக்குக் கூடாது.

நிணநீர்க் கணுக்களைக் கழுத்து, காறை எலும்பின் மேல்பகுதி, அக்குள், தொடையிடுக்கு என்று வரிசையாகத் தடவிப் பாருங்கள். மண்ணீரல் பெரிதாகியிருக்கும் என்ற ஐயம் இருந்தால் அழுத்தித் தேடக் கூடாது, அது கிழிந்துவிடலாம்.

எழுத்துத் தேர்வில் மதிப்பெண் போகும் இடம் முன்னுரிமை. பிளேட்லெட் 20,000க்குக் கீழே உள்ளவர் புதிதாகத் தலைவலி என்றால், அது மூளைக்குள் கசிவாக இருக்கலாம் என்பதால், சோர்வு, பசியின்மை எல்லாவற்றுக்கும் முன்னால் அது வர வேண்டும். நினைவு நிலை, கண்மணியின் அளவு, கைகால் வலிமை ஆகியவற்றை உடனே பார்த்து மருத்துவருக்குத் தெரிவிப்பதாக எழுதுங்கள். பலர் இதை ஐந்தாவது வரியில் எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் முறை எனக்கு ஒதுக்கப்பட்டவர் ஒரு முதியவர். அவரிடம் சொல்லிவிட்டுக் காலுறைகளை நானே கழற்றினேன். புள்ளி எதுவும் இல்லை. காலுறை விளிம்பு பதிந்த சிவந்த தடம் மட்டும் இருந்தது, அழுத்தியதும் அது வெளிறிப்போனது. அதையும் அப்படியே குறித்துக்கொண்டு, மறுபடி காலுறையை மாட்டிவிட்டேன்.