பிரவுசரில் 304: இறுதியாண்டு புரொஜெக்டை இரண்டாம் தடவையில் தேறிய அனுபவம்

போன கிழமை பெறுபேறு வந்தது. இறுதியாண்டு புரொஜெக்ட், இரண்டாம் தடவை, தேறிவிட்டேன். அம்மா நல்லூரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். மனம் ஆறிப்போக முதல் எழுதிவிட வேண்டும். போன வருடம் இதே புரொஜெக்டில் என்னைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் ஒரே ஒரு பிழை. அந்தப் பிழையை இந்த வருடமும் யாரோ செய்துகொண்டிருப்பீர்கள்.

புரொபோசல், இடைக்கால அறிக்கை, லொக் புத்தகம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதற்குள் போகவில்லை.

என் தலைப்பு, பிரவுசரில் பலர் சேர்ந்து விளையாடும் தளம். இரண்டு விளையாட்டுகள்: 304 என்ற சீட்டாட்டம், கோட்டில் மறிப்பவரிடம் தொடுபடாமல் ஓடித் தாண்டும் கிளித்தட்டு. விறாந்தையில் பெரியப்பாமார் கடதாசி அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த நால்வரில் இருவர் இப்போது ரொறன்ரோவில். 304இன் கணக்கும் புரோகிராமுக்கு வசதியானது: ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, கூட்டினால் 76, நான்கு சாதிக்கும் சேர்த்து 304. அதில் ஒருவர் பின் ஒருவராகப் போடுவார்கள். கிளித்தட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். இந்த இரண்டையும் ஒரே தளம் தாங்க வேண்டும் என்பதுதான் புரொபோசலின் உயிர்.

முதல் வைவாவில் (வாய்மொழிப் பரீட்சை) லப்டொப்பில் நான்கு விண்டோ திறந்து, நான்கு பேருக்கும் நானே விளையாடிக் காட்டினேன். பிசகில்லாமல் போனது. ஒரு பரிசோதகர் தன் போனை எடுத்தார். "பிள்ளை, என்ரை போனிலயும் ஒருக்கா விளையாடிப் பாப்பமே?" ஒரு இடத்தை ஒழித்து லிங்கைக் கொடுத்தேன். சேர்ந்தார், இரண்டு சீட்டுப் போட்டார், பேசிக்கொண்டே வெளி விறாந்தைக்கு நடந்தார். போன் வைஃபையை விட்டு டேட்டாவுக்கு மாறியது. அடுத்தது அவருடைய முறை. அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தபடியே இருந்தது, சீட்டு விழவில்லை. மற்ற மூன்று கைகளும் காத்து நின்றன. திரும்பி வந்து பக்கத்தை மறுபடி திறந்தார். "அறை நிரம்பிவிட்டது" என்று என் சேர்வர் அவரை வெளியே நிறுத்தியது.

"அப்ப உள்ளுக்கை இருக்கிறது ஆர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

நடந்தது இதுதான். பிரவுசரும் சேர்வரும் தொடர்ந்து பேச நான் பாவித்த வெப்சொக்கெட், செய்திகளை வரிசை குலையாமல் கொண்டுபோகும் டிசிபி என்ற இணைப்பு முறையின் மேல் ஓடுகிறது. போன் வைஃபையிலிருந்து டேட்டாவுக்குப் போனால் அதன் ஐபி முகவரி மாறும், பழைய இணைப்பு அந்த இடத்திலேயே செத்துவிடும். ஆனால் அதை யாரும் சேர்வருக்கு அறிவிப்பதில்லை. முடிவுச் செய்தி வராத இணைப்பைச் சேர்வர் பல நிமிடங்களுக்கு உயிரோடு இருப்பதாகவே வைத்திருக்கும். வெப்சொக்கெட்டின் விதிகளைச் சொல்லும், 2011இல் வந்த ஆர்எஃப்சி 6455இல் இதற்காகவே பிங் ("இருக்கிறாயா?"), பொங் ("இருக்கிறேன்") இருக்கின்றன. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்குப் பிங் அனுப்ப வழியில்லை. வந்த பிங்குக்குப் பிரவுசர் தானாகவே பொங் அனுப்பும். ஆகவே பிங் சேர்வரிலிருந்துதான் போக வேண்டும். நான் அனுப்பவில்லை. ஒரு வருடம் போனது.

ஆறு மாதமாக இது ஏன் கண்ணில் படவில்லை என்று பிறகு நெடுநாள் யோசித்தேன். நான் விடிய 4 மணிக்கு எழும்பி வேலை செய்கிற ஆள். அந்த நேரம் கொக்குவிலில் லைன் தடையில்லாமல் ஓடும். பாதி நாள் லோக்கல்ஹோஸ்டில்தான் சோதித்தேன். சொந்த லப்டொப்புக்குள் செய்தி போய்வர ஒரு மில்லிசெக்கன்கூட எடுக்காது. இரவு 8 மணிக்கு போன் டேட்டாவில் இருக்கும் ஒருவருக்காக நான் ஒரு நாளும் சோதிக்கவில்லை.

இரண்டாம் தடவை, ஒரு சீட்டுக்கூட வரைய முதல், கெட்ட லைனைக் கட்டினேன். லைனை வேண்டுமென்றே கெடுத்துக் காட்டும் லினக்ஸின் நெட்எம்மை வைத்து 100 மில்லிசெக்கன் தாமதம், 30 ஏற்ற இறக்கம், 2 வீதம் இழப்பு. லோக்கல் இடைமுகத்தில் போட்டால் போகும்போதும் வரும்போதும் பிடிக்கும், ஆக மொத்தம் 200. இது தெரியாமல் ஒரு கிழமை பிழையான எண்களை எழுதிக் கிழித்தேன். விண்டோஸ் பாவிப்பவர்கள் சேர்வர் கோடுக்குள்ளேயே செய்தியைச் சற்றுப் பிடித்து வைத்து விடும் பத்து வரி எழுதினால் போதும். ஆனால் வரிசை குலையக்கூடாது, ஏனென்றால் டிசிபி வரிசை குலைக்காது. இதோடு "அறு" என்று ஒரு பொத்தான்: அழுத்தினால் யாராவது ஒருவரின் இணைப்பு சொல்லாமல் அறும். கையளிக்கும் நாள் வரைக்கும் இரண்டையும் ஓடவிட்டேன். என்னைக் கேட்டால் இந்த முழுக் கட்டுரையிலும் நீங்கள் எடுத்துப் போக வேண்டியது இதுதான்.

அது பிடித்துத் தந்தவை:

- 5 செக்கனுக்கு ஒரு பிங். இரண்டு தவறினால் ஆள் "தொடர்பில் இல்லை". கதிரையை 90 செக்கன் பிடித்து வைக்க வேண்டும்.
- திரும்பி வருபவரை அறிய ஒரு டோக்கன் (அடையாளக் குறி). அதை பிரவுசர் முழுவதற்கும் பொதுவான லோக்கல்ஸ்டோரேஜில் வைத்தால் ஒரே பிரவுசரின் நான்கு விண்டோவும் ஒரே ஆளாகிவிடும். விண்டோவுக்கு விண்டோ வேறாக இருக்கும் செஷன்ஸ்டோரேஜில் வையுங்கள்.
- திரும்பி வந்தவருக்குத் தவறவிட்ட நிகழ்வுகளை ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டாம். இப்போதைய நிலை முழுவதையும் ஒரே தடவையில் அனுப்புங்கள்.
- லைன் இழுத்தால் ஆட்கள் சீட்டை இரண்டு தரம் அமத்துவார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு எண் வேண்டும். வந்த எண் மறுபடி வந்தால் சேர்வர் தள்ளிவிட வேண்டும்.
- வரும் இணைப்புகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் சேர்வரை வைத்தால் 60 செக்கன் செய்தி இல்லாத இணைப்பை அது அறுக்கும். இயல்பான அமைப்பு அது. 304இல் ஒருவர் கேள்வி கேட்க (எத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கூற) யோசிக்கும் நேரம் அதற்குப் போதும். பிங் இருந்தால் இதுவும் தீரும்.

கிளித்தட்டுத்தான் எனக்குக் கூடப் பிடித்த பகுதி, ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன். சேர்வர் செக்கனுக்கு 20 தடவை எல்லாருடைய இடத்தையும் அனுப்புகிறது. மற்றவர்களை 100 மில்லிசெக்கன் பிந்திக் காட்டினால்தான் ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியாது. உங்கள் ஆள் மட்டும் விசையை அமத்தின உடனே நகர வேண்டும், சேர்வரின் பதில் வந்த பிறகு திருத்திக்கொள்ள வேண்டும். 1996இல் குவேக்வேர்ல்ட் என்ற இணையச் சுடும் விளையாட்டில் அதன் புரோகிராமர் ஜோன் கார்மாக் செய்தது இதைத்தான்.

சிக்கல் தொடுவதில் வருகிறது. கோட்டில் மறித்து நிற்பவர் தன் திரையில் ஓடுபவரைத் தொட்டுவிட்டார். ஓடுபவரின் திரையில் அவர் ஏற்கெனவே கோட்டைத் தாண்டிவிட்டார். வளவில் விளையாடும்போது "தொட்டாச்சு", "தொடேல்லை" என்று சண்டை வருமே, அதே சண்டை. இங்கே இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். விளையாட்டுகள் செய்யும் வால்வ் கம்பனியின் யான் பெர்னியர் 2001இல் எழுதிய முறைப்படி சேர்வர் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றி, தொட்டவர் கண்ட கணத்தில் மற்றவர் எங்கே நின்றார் என்று பார்க்கலாம். அப்படிச் செய்தால் தாண்டியவருக்கு அநியாயம். நான் 200 மில்லிசெக்கனுக்கு மேல் பின்னோக்கிப் போகவில்லை. அதற்கு மேல் லைன் பிந்தினால் தொட்டவர்தான் இழப்பார். இது சரியா என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு எல்லையைப் போட்டுக் காரணத்தையும் அறிக்கையில் எழுதினேன், அந்தப் பக்கத்தைத்தான் கூட நேரம் வாசித்தார்கள்.

மற்றவை, சுருக்கமாக:

லொகின், அவதார், அறைக்குள் சற். முதல் தடவை இதற்கு ஆறு கிழமை கொடுத்தேன். பெயரும் அறை எண்ணும் போதும்.

304இல் துரும்பைக் கவிழ்த்து வைப்பார்கள். அதை எல்லாருடைய பிரவுசருக்கும் அனுப்பிவிட்டு பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸால் மறைத்தால், பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்தவருக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் அவர் பார்க்கக்கூடியதை மட்டும் அனுப்புங்கள்.

பத்துப் பேரின் நிலை ஜேசன் என்ற எழுத்து வடிவில் 600 பைட் வந்தது. செக்கனுக்கு 20 தடவை என்றால் மணித்தியாலத்துக்கு ஒருவருக்கு 43 எம்பி. பைனரியில் 100 பைட்டாக்கினேன், 7 எம்பி சொச்சம். டேட்டா கார்ட் போட்டு விளையாடும் பிள்ளைகளுக்கு இது காசு.

பின்னால் கிடக்கும் விண்டோவில் பிரவுசர் டைமர்களை செக்கனுக்கு ஒன்றாக்கிவிடும். ஒரே லப்டொப்பில் நான்கு விண்டோ வைத்துக் கிளித்தட்டைச் சோதித்தால் கிடைக்கும் எண் எதுவும் செல்லாது.

பாதுகாப்பான எச்ரிரிபிஎஸ் பக்கத்திலிருந்து பாதுகாப்பில்லாத வெப்சொக்கெட் திறக்காது. இதை டெமோ நாளில் கண்டுபிடிக்காதீர்கள்.

குழுவாகச் செய்வது பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். நான் தனியே செய்கிற ஆள். அது எனக்குச் சரிவந்தது.

இரண்டாவது வைவாவுக்கு அதே பரிசோதகரும் வந்திருந்தார். நான் கேட்காமலே போனை எடுத்தார், சேர்ந்தார், ஃப்ளைட் மோடில் போட்டார். பத்துச் செக்கன் கழித்து அவருடைய புள்ளி சாம்பலானது. மற்றவர்களின் திரையில் "காத்திருக்கிறோம், 80" என்று எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. மோடை எடுத்தார். கையில் அதே ஐந்து சீட்டு, அதே முறை. ஒன்றைப் போட்டுவிட்டு, முகத்தில் எதுவும் காட்டாமல் கேள்விக்குப் போனார்.

"ஏன் வெப்ஆர்டிசி இல்லை?" பிரவுசர்கள் நேரே பேசிக்கொள்ளும் முறை அது. தொலைந்த பொதியை விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும் வசதி அதில் உண்டு, டிசிபியில் ஒன்று தொலைந்தால் பின்னால் வந்தவையும் காத்து நிற்கும். ஆனால் அதற்கு இணைப்பைப் பேசி முடிக்க வேறொரு வழியும் இணைப்பை ஏற்படுத்த உதவும் ஸ்டன், டர்ன் சேர்வர்களும் வேண்டும். 20 தடவை அனுப்பும் என் விளையாட்டுக்கு வெப்சொக்கெட் காணும் என்று அளந்து காட்டினேன்.

"ஆயிரம் பேர் வந்தால்?" அறைகள் ஒன்றையொன்று சாராதவை. என் சேர்வரின் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஒரே திரியில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையாக, ஓடுவதால் கணினியின் ஒரு கோருக்கு ஒரு புரொசெஸ். ஓர் அறையின் ஆட்கள் எல்லாரும் ஒரே புரொசெஸுக்குப் போக வேண்டும்.

"ரொறன்ரோவில் இருப்பவருக்கு?" கண்ணாடி நாரில் ஒளிக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு 5 மில்லிசெக்கன் வேண்டும், அதைக் கோடால் குறைக்க முடியாது. 304 தாங்கும். கிளித்தட்டு அறையில் சேர முதல் தாமதத்தை அளந்து, 200ஐத் தாண்டினால் சொல்லிவிடுகிறோம்.

சோதனை அத்தியாயத்துக்கு நான் போட்ட அட்டவணையில் நான்கு நிரல்கள் இருந்தன: வீட்டு ஃபைபர், இரவு 8 மணிக்கு பருத்தித்துறையில் சிநேகிதியின் போன் டேட்டா, பெரியப்பாவின் ரொறன்ரோ வீடு, என் கெட்ட லைன். லோக்கல்ஹோஸ்டுக்கு நிரல் போடவில்லை.